முரசு ‘சேர்ந்தது’ என்றாலும் மதகைத் திறவாதிருக்க

நிலம் நனைக. நனைந்த நிலம் விளைக. விளைந்ததை உண்போர் நெடுநாள் இருக்க.

வெண்கடப் பேரேரிக்கும் இருபத்திரண்டு முரசுக் குன்றுகளுக்கும் உரிய நன்னெடுவேள் மன்னரின் ஆட்சியாண்டு பதினான்கு, ஐப்பசித் திங்கள், வளர்பிறை பதினொன்றாம் நாள். மன்னரால் முரசு அளவைக்கு அமர்த்தப்பட்ட அல்லியங்கோதை, நெளியாற்றங்கரை ஊராகிய ஈச்சந்துறையிலிருந்து, பேரேரியின் மதகுகளைக் காப்பவரும் ஏனாதிப் பட்டம் பெற்றவருமான குன்றவாணர்க்கு எழுதும் ஓலை.

தங்கள் ஏரி நிறைந்தும், கரை நெகிழாதும், தங்கள் காவலில் உள்ள பதினெட்டு மடைகளும் கதவு பழுதின்றியும் இருக்க. தங்கள் மனையாரும் மக்களும் தங்களோடு மதகு காக்கும் நாற்பது பேரும் நோயின்றி வாழ்க.

இவ்வோலை முரசின் வழியே வரவில்லை. ஒரு மனிதரின் கால்வழியே வருகிறது. ஏன் அவ்வாறு அனுப்பினேன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். தாங்கள் மதகுக்கு ஏறும் முன் இதன் ஏழு ஏடுகளையும் முழுதும் படித்தருள்க.

தாங்கள் அறிந்தவை ஆயினும், பின்னாளில் இவ்வோலையைப் படிப்போர்க்காகச் சிலவற்றை முதலில் சொல்கிறேன். ஏரிக்கரையில் உள்ள முதற்குன்று தொடங்கி எல்லைக்கோட்டை அருகே உள்ள இருபத்திரண்டாம் குன்று வரை, முரசொலியால் சொல் கடத்தப்படுகிறது. ஒவ்வொரு குன்றிலும் காவலர் இருவர். ஒருவர் கேட்பார், ஒருவர் அறைவார். சொல் மூவகைப்படும். அரண்மனைச் சொல் ஒரு நாழிகைக்குள்ளும், வணிகச் சொல் இரு நாழிகைக்குள்ளும், குடிச்சொல் நான்கு நாழிகைக்குள்ளும் கேட்க வேண்டியவர் காதில் விழும் என்று மன்னரின் பாட்டனார் கல்லில் வெட்டி வாக்களித்தார். சொல் சேர்ந்ததும், பெறுபவர்க்கு அண்மையில் உள்ள குன்று ‘சேர்ந்தது’ என்ற முழக்கத்தைத் திருப்பி அனுப்பும். நெட்டொலி இரண்டு, குற்றொலி ஒன்று. அம்முழக்கம் கேட்ட பின்னரே மதகு திறக்கலாம் என்பது விதி.

அவ்வாக்கு காக்கப்படுகிறதா என்று பார்ப்பது என் பணி. எனக்கு முன் இப்பணியில் இருந்தோர் முதற்குன்றில் நாழிகை வட்டிலோடு அமர்ந்து, ‘குடைநிழல் தண்ணென்றது’ என்ற சொல்லை அனுப்பி, ‘சேர்ந்தது’ திரும்பும் வரை எண்ணி எழுதினர். அந்தச் சொல் எல்லாக் காவலர்க்கும் தெரியும். பதினான்காம் குன்றின் காவலர் இதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன், ஓலைக்காகத் திருத்தவில்லை.

“அதுக்கு நாங்க வச்ச பேரு மாமனார் வரவு அம்மா. மாமனார் வர்றார்னா வாசல் கூட்டுவோம்ல, அப்படி. ‘குடைநிழல்’னு காதுல விழுந்ததும் சோத்துக் கையோட எந்திரிச்சு ஓடுவோம்.”

ஆகவே நான் அச்சொல்லை விட்டுவிட்டேன். மக்கள் அனுப்புவது போன்ற சொற்களை மக்கள் அனுப்பும் பெயர்களில் அனுப்பினேன். ‘சேர்ந்தது’ என்பதை அளந்தால் போதாது என்று தோன்றியதால், ஒவ்வொரு சொல்லின் இறுதியிலும் ஒரு கேள்வி வைத்தேன். உங்கள் ஊர்க் கிணற்றில் இன்று எத்தனை படிகள் வெளியே தெரிகின்றன? குன்றின் மேல் இருப்பவர் இதற்கு விடை சொல்ல இயலாது. யாராவது கீழே இறங்க வேண்டும், கிணற்றடிக்குப் போக வேண்டும், குனிந்து பார்க்க வேண்டும். விடை வந்தால் சொல் உண்மையில் ஊரை அடைந்தது என்று பொருள்.

அரண்மனைச் சொல் முப்பது அனுப்பினேன். முப்பதும் ஒரு நாழிகைக்குள் சென்றன. வணிகச் சொல் முப்பதில் இருபத்தாறு காலத்தோடு சென்றன. குடிச்சொல், முரசுப் பதிவில் உள்ள அறுபத்தொரு ஊர்களுக்கும் ஊருக்கு மூன்றாக, நூற்று எண்பத்து மூன்று. அத்தனைக்கும் ‘சேர்ந்தது’ உரிய நேரத்தில் திரும்பியது. கிணற்றுப் படியின் எண்ணிக்கையோ சில ஊர்களிலிருந்து மறுநாளும், சிலவற்றிலிருந்து ஐந்தாம் நாளும் வந்தது. பத்தொன்பது ஊர்களிலிருந்து வரவே இல்லை. வாக்களித்த காலத்துக்குள் விடை வந்தவை மூன்றே மூன்று. அம்மூன்றும் ஒரே ஊருடையவை. அடுக்கம்பாடி.

மூன்று முறையும் அடுக்கம்பாடி ஒரே விடையைச் சொன்னது. ஒரு படியும் தெரியவில்லை.

மழைக்காலம், கிணறு நிறைந்திருக்கும் என்று எண்ணினேன். நாட்டிலேயே வாக்குக் காக்கப்படும் ஊர் இது ஒன்றே என்பதால், அங்கு சென்று அவர்கள் செய்முறையைக் கற்று மற்றக் குன்றுகளுக்குச் சொல்லலாம் என்று வழி கேட்டேன். நிலப்பதிவுக் கணக்கர் ஏட்டைப் புரட்டினார். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“அடுக்கம்பாடியா? அந்த ஊரு இல்லையேம்மா. மூணு வருசம் ஆச்சு. மதகு திறந்தப்ப போயிருச்சு. நாங்க அப்பவே ஏட்டுல இருந்து அடிச்சிட்டோம். முரசுக்காரங்க ஏட்டுல இன்னும் இருக்குதா?”

ஏனாதி அவர்களே, அந்த நாளைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏரிக்கரையில் தாங்கள் நாட்டிய கல்லை நானும் படித்திருக்கிறேன். ‘சொல் உரிய நேரத்தில் சேர்ந்தது, ஊரார் எழவில்லை’ என்று அதில் இருக்கிறது. தாங்கள் காதால் கேட்டதைத்தான் கல்லில் எழுதினீர்கள். அதில் பிழை காண நான் இதை எழுதவில்லை. ஆனால் இறந்த நூற்று நாற்பத்தேழு பேரும் மூன்று ஆண்டுகளாக அக்கல்லில் பிடிவாதக்காரர்களாக நிற்கிறார்கள்.

கணக்கரின் சொல்லைக் கேட்ட பின் நான் மலைவழியே ஒன்றரை நாள் நடந்து இருபத்திரண்டாம் குன்றை அடைந்தேன். அங்குக் கேட்கும் காவலராக இருப்பவர் தும்பன். வயது ஐம்பது இருக்கும். குன்றின் மேற்கே நூற்றறுபது கற்படிகள் கீழே இறங்குகின்றன. முன்பு அவை அடுக்கம்பாடியின் மந்தையில் போய் முடிந்தன. இப்போது எண்பத்தெட்டாம் படியோடு நீர் தொடங்குகிறது. மதகுநீர் வடிந்த பிறகும் ஆறு தன் பழைய தடத்துக்குத் திரும்பவில்லை. ஊர் இருந்த பள்ளம் ஏரியாக நின்றுவிட்டது. நீர் தெளிவாக இருந்தது. ஒரு கூரையின் முகட்டு மரத்தைக் கண்டேன். அதன்மேல் பாசி படர்ந்திருந்தது. மீன்கள் அதன் இரு புறமும் போய்வந்தன.

நான் சென்ற அன்று ஒரு சொல் வந்தது. யாரோ ஒருவர், ஊர் போனதை அறியாமல், தூரத்திலிருந்து அடுக்கம்பாடிக்கு அனுப்பிய குடிச்சொல். நெல் அறுவடைக்குப் பின் வருகிறேன் என்பது செய்தி. தும்பன் கேட்டு முடித்தார். உடன் இருப்பவரிடம் ‘சேர்ந்தது’ அறையச் சொல்லவில்லை. நேரே படியில் இறங்கினார். நான் பின்னால் சென்றேன். எண்பத்தெட்டாம் படியில் நின்று, நீரைப் பார்த்து, அனுப்பியவர் பெயரையும் பெறுபவர் பெயரையும் செய்தியையும் உரத்த குரலில் சொன்னார். ஒரு மூச்சு நேரம் காத்திருந்தார். பிறகு மேலேறி, ‘சேர்ந்தது’ அறையச் சொன்னார். மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு சொல்லுக்கும் இதையே செய்திருக்கிறார். என் கேள்விக்கும் இறங்கிச் சென்று, பார்த்து, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

அன்று நடந்ததைச் சொல்லும்படி கேட்டேன். சொன்னார்.

“சொல்லு வந்துச்சும்மா. மதகு திறக்குறாங்க, மேடேறுங்கன்னு. உடனே ‘சேர்ந்தது’ அடிச்சிட்டோம். எல்லாக் குன்றுலயும் அதான் வழக்கம். முதல்ல அடிச்சிட்டு அப்புறம் இறங்கிப் போய்ச் சொல்லுவோம். அடிக்க நேரமானா ஆளை மாத்திருவாங்க. நான் துண்டை எடுத்துத் தோள்ல போட்டேன். அப்பப் பார்த்து அரண்மனைச் சொல்லு. இளவரசர் பொறந்திருக்கார்.”

இளவரசரின் பதினொரு பட்டப்பெயர்களையும் மும்முறை கேட்டு, கோட்டைக்கு மும்முறை அறைய வேண்டும். அரண்மனைச் சொல் ஓடும்போது காவலர் இருவரும் முரசை விட்டு நகரக் கூடாது என்பது விதி. அது முடிந்ததும் கோட்டைத்தலைவரின் வாழ்த்து மேலே போயிற்று. அவ்வாழ்த்துக்கு அரண்மனையின் நன்றி கீழே வந்தது. பிறகு ஒன்பது குறுநிலத் தலைவர்களின் வாழ்த்துகளும், ஒவ்வொன்றுக்கும் நன்றியும்.

“இதோ முடிஞ்சிரும், இதோ முடிஞ்சிரும்னு துண்டைத் தோள்லயே வச்சிட்டு நின்னேன். எங்க அக்கா வீடும் கீழதான். வாசல்ல நெல்லு காயப் போட்டிருந்தது மேல இருந்தே தெரிஞ்சுது. கத்திப் பார்த்தேன். முரசுச் சத்தத்துல எனக்கே கேக்கல. எட்டு நாழிகை கழிச்சு ஓடுனேன். எண்பத்தெட்டாம் படியில நின்னுட்டேன். அதுக்கு அப்புறம் படி இல்ல.”

தாங்கள் ‘சேர்ந்தது’ கேட்டு மதகைத் திறந்த பிறகு நீர் அடுக்கம்பாடியை அடைய எட்டு நாழிகை ஆகும். தும்பன் இறங்கி வீடுதோறும் சொல்ல ஒரு நாழிகை, ஊரார் படியேற மூன்று நாழிகை. முழக்கத்துக்கு முன் அவர் இறங்கியிருந்தால் ஒருவரும் இறந்திருக்க மாட்டார்கள். முழக்கத்துக்குப் பின் உடனே இறங்கியிருந்தாலும் இறந்திருக்க மாட்டார்கள். ஏட்டில் அன்றைய சொல் மூன்று நாழிகையில் சேர்ந்ததாக இருக்கிறது. நான் பார்த்தேன். அதன் அருகே முன்னிருந்த அளவையாளரின் கையால் ‘நன்று’ என்று எழுதியிருக்கிறது.

இனி, இன்று நடப்பது.

வரும் முழுநிலவு நாளில் தாங்கள் மீண்டும் மதகு திறக்க இருக்கிறீர்கள். அடுக்கம்பாடி இல்லாததால், நீர் முதலில் அடையும் ஊர் இந்த ஈச்சந்துறை. இதற்கும் சொல் கொண்டுவர வேண்டியவர் இருபத்திரண்டாம் குன்றின் காவலரே. அவர்களோ இறந்த ஊருக்குத் தவறாமல் இறங்குகிறார்கள். இரண்டரை நாழிகை நடக்க வேண்டிய ஈச்சந்துறைக்கு நான்கு நாளுக்கு ஒருமுறைதான் வருகிறார்கள். ஈச்சந்துறைச் சொற்களுக்கு ‘சேர்ந்தது’ மட்டும் பழைய வழக்கப்படியே உடனுக்குடன் அறையப்படுகிறது. இதைத் தும்பனிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது. இருப்பவர்களுக்கு நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டதாகச் சொன்னார்.

நேற்று அவரையும் அழைத்துக்கொண்டு ஈச்சந்துறைக்கு வந்தேன். ஊர்மூப்பு செங்காணி என்னும் பெண்மணி, ஓடம் விடுபவர். தும்பனைக் கண்டதும் ஆற்றங்கரையிலிருந்தே குரல் கொடுத்தார்.

“வாங்கடி எல்லாரும், பழஞ்சோத்துக்காரர் வந்துட்டார்! என்ன ஐயா, போன மாசம் செத்தவனுக்கு இந்த மாசம் காய்ச்சல்னு சொல்லப் போறியா?”

ஊரார் சிரித்தனர். அவர் நான்கு நாள் சொற்களையும் சேர்த்துக் கொண்டுவருவதால் அவருக்கு இங்கே அந்தப் பெயர். மதகு திறக்கப்படும் செய்தியை நான் சொன்னேன். என் குரல் சிறியது. செங்காணி இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது.

“எங்களுக்கு ஒண்ணும் வரலியே தாயி. அரண்மனை யானைக்குப் பல்வலின்னுகூட வந்துச்சு. இது வரல. எப்பச் சொன்னாங்க?”

மூன்று நாட்களுக்கு முன் என்றேன். அன்றே ‘சேர்ந்தது’ முழங்கிவிட்டது என்றும் சொன்னேன்.

“யாருக்குச் சேர்ந்துச்சு?” என்று செங்காணி கேட்டார். தும்பன் தலை குனிந்து நின்றார். பிறகு அந்த அம்மையார் அவரை ஒன்றும் ஏசாமல் ஒரு செம்பு நீர் கொடுத்தார்.

நிலைமையை எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன். ஈச்சந்துறையில் முந்நூற்று நாற்பது பேர் இருக்கிறார்கள். மேடு ஆற்றுக்கு அப்பால், இருபத்திரண்டாம் குன்றின் பக்கம். ஓடங்கள் இரண்டு. இரண்டிலும் சேர்த்து ஒருமுறைக்குப் பன்னிருவர். இப்போதைய ஓட்டத்தில் ஒரு பகலுக்கு எட்டு முறைக்கு மேல் கடக்க இயலாது. நாளை தொடங்கினாலும் எல்லாரும் கடக்க நான்கு பகல் வேண்டும். முழுநிலவு நாளில்தான் கடைசி ஓடம் கரையேறும். அந்த நாள் காலையில் தாங்கள் மதகு திறந்தால், அப்போது ஆற்றிலும் இக்கரையிலும் ஐம்பது பேருக்குக் குறையாமல் இருப்பார்கள்.

ஏரி நிலையையும் எண்ணினேன். நான் புறப்பட்ட நாளில் அளவுக்கல்லில் பதினாறு முழம் இருந்தது. நாளுக்கு அரை முழம் ஏறியது. அவ்வாறானால் இன்று பதினெட்டு. கரை இருபத்திரண்டு தாங்கும் என்பது தாங்களே மன்னருக்கு எழுதிய அளவு. ஆகவே கரைக்கு இன்னும் எட்டு நாள் உண்டு. நான் அங்கில்லாமல் போட்ட கணக்கு இது. தாங்கள் கல்லை நேரில் பார்த்து, பிழையிருப்பின் திருத்தியருள்க. நீர் விரைந்து ஏறுமாயின், பக்க மடைகள் ஐந்தைத் திறந்து வயலுக்கு விடலாம். பயிர் போகும். அதன் பொறுப்பை என் மேல் எழுதிக்கொள்க.

நேற்று முன்தினமே இருபத்திரண்டாம் குன்றிலிருந்து தங்களுக்கு முரசில் ஒரு சொல் அனுப்பினேன். அரண்மனைச் சொல் அனுப்ப எனக்கு உரிமை இல்லாததால் குடிச்சொல்லாக அனுப்பினேன். ‘மதகு திறவாதிருக்க’ என்பது மட்டுமே செய்தி. இரண்டு நாழிகையில் ‘சேர்ந்தது’ திரும்பியது. தங்களை அது அடைந்ததா, இடையில் ஏதோ ஒரு குன்றில் யாரோ ஒருவர் தோளில் துண்டோடு நின்றுகொண்டிருக்கிறாரா என்பதை நான் அறியேன். நான் எண்ணியும் எழுதியும் நம்பியும் வந்த ஒலி அந்த முழக்கம்தான்.

ஆகவே ஓலை எழுதினேன். கொண்டுவருபவர் தும்பன். வேறு இளையவர் இருவர் முன்வந்தனர். அவர் விடவில்லை. தமக்கு முழங்கால் வலி உண்டென்றும், அது படி இறங்கும்போதுதான் வலிக்கும், ஏறும்போது வலிக்காது என்றும் சொன்னார். ஒன்றரை நாளில் தங்களை அடைவார். முதலில் அவர்க்கு உணவிடுக. பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டருள்க. அடுக்கம்பாடி நாளைப் பற்றித் தங்களுக்கு மட்டுமே சொல்ல வேண்டிய ஒன்று உண்டென்கிறார். என்னவென்று நான் கேட்கவில்லை. அவர் விதியை மீறியவர் அல்லர், விதிப்படி நின்றவர். தண்டனை வேண்டுமாயின் அது ‘சேர்ந்தது’ என்பதைக் குன்றில் அளந்து, காதில் அளக்காத அளவைக்கு உரியது. அந்த அளவையின் முத்திரை இப்போது என் கையில் இருக்கிறது.

இனி ஆணை.

முரசின் வாக்குக் காக்கப்படுகிறது என்று அளவையாளர் முத்திரையிடும் வரையே முரசின் சொல்லை நம்பி மதகு திறக்கலாம் என்பது மன்னரின் பாட்டனார் வகுத்த சட்டம். அச்சட்டத்தால் எனக்குள்ள அதிகாரம் கொண்டு, இந்நாள் முதல் அம்முத்திரையை மறுக்கிறேன். இருபத்திரண்டு குன்றுகளில் எக்குன்றின் ‘சேர்ந்தது’ கேட்டும் எம்மதகும் திறக்கப்படலாகாது. ஏரிக்கரைக் கல்லைப் பெயர்த்தெடுத்து, சொல் ஊரைச் சேரவில்லை என்று வேறு கல் நாட்டுக. அதில் நூற்று நாற்பத்தேழு பெயர்களும் இருக்க வேண்டும். பெயர்களைத் தும்பன் அறிவார். கல்தச்சர் எழுதும்போது அவரை அருகில் வைத்துக்கொள்க.

ஈச்சந்துறை மக்கள் கரையேறியதை அறிவிக்க எந்த முழக்கமும் வராது. கடைசி ஓடம் கடந்த பின் செங்காணி புறப்படுவார். நாள்கணக்கில் பிழை இல்லையேல் வளர்பிறை கழிந்த இரண்டாம் நாள் தங்கள் மதகடியில் வந்து நிற்பார். அவர் தம் வாயால், தங்கள் காதில், எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று சொன்ன பின்னர் திறக்கலாம். அவர் உரக்கப் பேசுவார், பட்டங்களை விட்டுவிட்டுப் பேசுவார். பொறுத்தருள்க. வாயில்காவலரிடம் இப்போதே சொல்லி வைத்தருள்க; செங்காணி நின்று காத்திருக்க நேரக் கூடாது.

அதுவரை நான் இக்கரையில், ஆற்றை ஒட்டிய கீழ்வீதியின் முதல் வீட்டில் இருக்கிறேன். ஓடத்தில் ஏறுவோரை எண்ணி எழுத ஒருவர் வேண்டும் என்று செங்காணி கேட்டார். முந்நூற்று நாற்பது வரை எண்ணிவிட்டு, முந்நூற்று நாற்பத்தொன்றாவதாக நான் ஏறுவேன்.

இவ்வோலை மன்னரின் ஆணைக்கு உட்பட்டு, அளவையாளர் முத்திரையோடு ஈச்சந்துறையில் கட்டப்பட்டது. ஊரில் முத்திரை உடையார் இல்லாமையால், செங்காணி ஓடத்தின் அடியில் பூசும் கருங்கீலைத் தொட்டுத் தம் பெருவிரலைக் கடைசி ஏட்டில் பதித்திருக்கிறார். கயிற்றை அறுப்பவர் தாங்களாகவே இருக்க. படித்து முடித்ததும் மறுமொழி அனுப்ப வேண்டாம். மதகு மூடியிருந்தால் எங்களுக்கு அது ஆற்றிலேயே தெரியும்.

அல்லியங்கோதை
முரசு அளவை